பெயரும் கட்டடமும்: சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகம் குறித்து ஒரு மதிப்பீடு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் செனட் மண்டபத்தின் அழகைப் புகழ்ந்து, அது 'இந்தோ-சாரசனிக்' பாணியில் அமைந்தது என்று கூறி நிறுத்திவிடுகின்றனர். சாரசனிக் என்றால் இஸ்லாமியம் என்றும், ஆகவே அக்கட்டடம் நமது கலை மரபுக்குக் கிடைத்த சிறப்பு என்றும் நம்மவருள் கற்றோரும் கருதி வருகின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது பழங்கதை பேசும் முயற்சியன்று. இன்று தமிழகமெங்கும் நாம் எழுப்பிவரும் அரபுக் கல்லூரிகளின் உருவத்தோடும், அவற்றுள் ஏழெட்டு ஆண்டுகளைக் கழிக்கும் மாணவர்களின் வாழ்வோடும் இக்கேள்வி நேரடியாகத் தொடர்புடையது.

வளாகத்தைச் சுற்றி

மெரினாக் கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில் தெற்கிலிருந்து வடக்காக நடப்பவர் முதலில் மாநிலக் கல்லூரியைக் காண்பார். அதைக் கடந்தால் எழிலகம் முதலான அரசு அலுவலகங்கள் வரும். அவற்றின் பின்னே மறைந்து நிற்பது கர்நாடக நவாபுகளின் சேப்பாக்கம் அரண்மனை. வாலாஜா சாலையைக் கடந்ததும் செங்கல் நிறத்தில் செனட் மண்டபம் எழுந்து நிற்கும். அதற்கப்பால் 1936இல் திறக்கப்பட்ட நூலகக் கட்டடமும், அதன் மணிக்கூண்டும், பிற்காலத்துக் கட்டடங்களும் கூவம் ஆற்றின் முகத்துவாரம் வரை தொடர்கின்றன. மேற்கே சற்றுத் தொலைவில், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில், வாலாஜா பெரிய பள்ளிவாசல் உள்ளது.

அரை மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய இப்பாதையில் ஓர் அரசு வீழ்ந்து மற்றோர் அரசு எழுந்த வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது. அரண்மனை 1768இல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. கடைசி நவாப் குலாம் முஹம்மது கவுஸ் கான் 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தபோது, ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தனர். 1859இல் அரண்மனை ஏலத்திற்கு வந்து அரசின் உடைமையாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1857 செப்டம்பரில், சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டிருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் மண்டபம் பின்னர் எழுந்தது நவாபின் அரண்மனைத் தோட்டம் பரவியிருந்த நிலப்பரப்பிலேயே ஆகும்.

நவாபின் வாரிசுகளுக்கு 1867இல் ஆற்காட்டு இளவரசர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அவர்கள் குடியேறிய இராயப்பேட்டை அமீர் மஹால், முன்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகமாக இருந்தது. அதை மாளிகையாக மாற்றி அமைத்தவர் இராபர்ட் ஃபெல்லோஸ் சிஸ்ஹோம். செனட் மண்டபத்தை வடிவமைத்தவரும் அவரே. அரண்மனையின் இரு பகுதிகளுக்கு இடையே கோபுரத்தை எழுப்பியவரும் அவரே. அரண்மனையை இழந்தவர்களுக்குப் புதிய இருப்பிடத்தையும், அந்த அரண்மனையின் சாயலில் ஆட்சியாளர்களுக்குப் புதிய மண்டபத்தையும் ஒரே கை வரைந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

மூன்று பல்கலைக்கழகங்கள், மூன்று பாணிகள்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. மூன்றும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. ஆயினும் மூன்றும் மூன்று விதமான ஆடைகளை உடுத்தின. கல்கத்தாவின் செனட் மண்டபம் கிரேக்கத் தூண்களுடன் எழுந்தது. 1960களின் தொடக்கத்திற்குள் அது இடிக்கப்பட்டுவிட்டது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபத்தையும் இராஜாபாய் கோபுரத்தையும் இங்கிலாந்தின் கில்பர்ட் ஸ்காட், இந்தியாவில் கால் வைக்காமலேயே, கோதிக் பாணியில் வரைந்து அனுப்பினார். சென்னைக்கு மட்டும் குவிமாடங்கள் வந்தன. 1874 தொடங்கி 1879 வரை செனட் மண்டபத்தின் பணி நடைபெற்றது.

இத்தேர்வுக்குக் காரணம் என்ன? 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, 1870இல் இந்தியாவின் கட்டடக் கலை பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அரசாங்கக் கட்டடங்களுக்கு முஸ்லிம்களின் கட்டட வடிவத்தைப் பொதுப் பாணியாக ஏற்கலாம் என்பது அதன் சாரம். வளைவும் குவிமாடமும் பெரிய கூடங்களுக்கும் வெளிச்சத்திற்கும் காற்றுக்கும் ஏற்றவை என்பது அவர் கண்ட நன்மை. இது பொறியியல் நோக்கில் தவறான கருத்தன்று. ஆனால் அதனுள் அரசியலும் இருந்தது. முகலாயருக்குப் பின் இந்நாட்டை ஆள்வோர் தாமே என்பதை மக்களின் கண்ணுக்குப் புலப்படுத்த முகலாயரின் உருவமே தக்க சாதனமாயிற்று. நவாபின் அரண்மனை பக்கத்திலேயே நின்றதும், அதைப் பழுதுபார்த்த சிஸ்ஹோம் அதன் வடிவங்களை நன்கு அறிந்திருந்ததும் இந்நோக்கத்திற்குத் துணைபுரிந்தன.

இங்கு ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். அந்த அரண்மனையைக் கட்டியவராகக் கூறப்படுபவர் பால் பென்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர். நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தே பெரும் செல்வரானவர் அவர். 1785இல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் கடுமையாகச் சாடப்பட்டவரும் அவரே. ஆக, செனட் மண்டபம் எதை நமது மரபென்று எண்ணிப் பின்பற்றியதோ, அதுவே ஓர் ஐரோப்பியரின் கைவழியாக வந்ததாகும்.

சாரசனிக் என்னும் சொல்

'சாரசன்' என்பது கிரேக்கரும் உரோமரும் பாலைவன அரபுக் குலத்தாருக்கு இட்ட பெயர். இதனை 'ஷர்க்' (கிழக்கு) என்னும் அரபு வேருடன் சிலர் இணைப்பர். வேறு விளக்கங்கள் தருவோரும் உளர். அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. சிலுவைப் போர்க் காலத்தில் அது முஸ்லிம்கள் அனைவரையும் குறிக்கும் பகைச் சொல்லாக மாறியது. எந்த முஸ்லிமும் தன்னை அப்பெயரால் அழைத்துக்கொண்டதில்லை. அரபு அகராதிகளில் அது ஒரு சமுதாயத்தின் பெயராக இடம்பெறவும் இல்லை. கெய்ரோ, இஸ்தான்புல், இஸ்பஹான், தில்லி, பீஜப்பூர் ஆகிய ஊர்களின் கட்டடக் கலைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. இவ்வேறுபாடுகளையெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது அப்பெயர். அதன் முன்னே 'இந்தோ' என்பதைச் சேர்த்தபோது, இந்தியா ஒருபுறமும் இஸ்லாம் மறுபுறமும் நிற்பதாகவும், இவ்விரண்டையும் இணைத்து வைத்தவர் ஆங்கிலேயரே என்பதாகவும் ஒரு பொருள் தோன்றியது. தமிழகக் கடற்கரையில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவ்விணைப்பு இயல்பாக நிகழ்ந்திருந்ததைக் கீழே காண்போம்.

மண்டபத்தின் சிறப்பும் குறையும்

பெயர் தவறாயினும் கட்டடத்தை இகழ்வது நேர்மையாகாது. நான்கு மூலைகளிலும் குவிமாடம் சூடிய கோபுரங்கள், நடுவே தூண்களின் இடையூறின்றி விரிந்த பெருங்கூடம், பக்கவாட்டில் வளைவுகள் அணிவகுத்த தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், உட்புறச் சுவர்களின் ஓவிய வேலைப்பாடு என அனைத்தும் தேர்ந்த கலைஞரின் கைவண்ணங்கள். தாழ்வாரங்கள் வெயிலைத் தடுத்துக் கடற்காற்றை உள்ளே விடுகின்றன. செங்கல் வேலையின் நுட்பம் நம் ஊர்க் கொத்தர்களின் திறமைக்குச் சான்று. 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் இங்குக் கூடியதும் உண்டு. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இம்மண்டபம், பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவை ஒட்டிச் சீரமைக்கப்பட்டது போற்றத்தக்கது.

ஆனால் கல்விக்கான கட்டடம் என்னும் நோக்கில் இதனை அளந்தால் ஒரு வெறுமை புலப்படும். சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் அரை நூற்றாண்டில் பாடம் நடத்திய நிறுவனம் அன்று. கல்லூரிகளை இணைத்து, தேர்வு நடத்தி, பட்டம் வழங்கிய நிறுவனம். கற்பிக்கும் பல்கலைக்கழகமாக அதனை உறுதிப்படுத்தியது 1923ஆம் ஆண்டின் சட்டமே. எனவே செனட் மண்டபத்தில் ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து பாடம் ஓதும் இடம் என்று ஒன்று திட்டமிடப்படவில்லை. அது சடங்கிற்கான கூடம். மாணவன் அங்கு வருவது தேர்வெழுதவும் பட்டம் வாங்கவும் மட்டுமே.

முஸ்லிம் உலகின் மதரஸாக்களை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பக்தாதில் அப்பாஸியக் கலீஃபா முஸ்தன்ஸிர் ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1234) திறந்துவைத்த முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டன. அதன் உயிர்நாடி நடுவிலுள்ள ஸஹ்ன் என்னும் திறந்த முற்றம். முற்றத்தை நோக்கித் திறந்த ஈவான்கள் பாடம் நடக்கும் இடங்கள். சுற்றிலும் மாணவர் தங்கும் ஹுஜ்ராக்கள். கெய்ரோவில் பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த சுல்தான் ஹஸன் மதரஸா இதே அமைப்பைப் பிரம்மாண்டமாக விரித்தது. அல்-அஸ்ஹரில் ஒவ்வொரு நாட்டு மாணவருக்கும் தனித்தனி 'ரிவாக்' இருந்தது. தூணடியில் ஆசிரியர், அவரைச் சூழ மாணவர் வட்டம் என்பதே வகுப்பறை. தக்காணத்தில் பீதர் நகரில் 1472இல் மஹ்மூத் கவான் எழுப்பிய மதரஸாவும் முற்றத்தைச் சூழ்ந்தே அமைந்தது. இவற்றுள் சிலவற்றில் குவிமாடம் உண்டு. ஆனால் கல்விக்கூடத்தின் இலக்கணம் குவிமாடம் அன்று. முற்றமும் தாழ்வாரமும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள நெருக்கமுமே ஆகும். செனட் மண்டபம் நமது மரபிலிருந்து வான்வரையில் தெரியும் உருவத்தை எடுத்துக்கொண்டது. தரையில் விரியும் அமைப்பை விட்டுவிட்டது. இதுவே அக்கட்டடம் குறித்த எனது மதிப்பீட்டின் மையம்.

ஏற்காடு காட்டும் சான்று

ஆட்சியாளர்கள் இப்பாணியை எங்கே பயன்படுத்தவில்லை என்று பார்ப்பதும் பயனுடையது. சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடு நாளடைவில் ஐரோப்பியர் வெயிலுக்கு ஒதுங்கும் ஊராயிற்று. 1894இல் கன்னியர் நடத்தும் திருஇருதயப் பள்ளியும், 1917இல் மான்ட்போர்ட் பள்ளியும் அங்குத் தோன்றின. அம்மலையில் ஐரோப்பியர் தமக்கென அமைத்துக்கொண்ட தேவாலயங்களையும் பங்களாக்களையும் காண்பவர், அவற்றில் நவாபுகளின் குவிமாடத்தைத் தேடினால் ஏமாற்றமே அடைவார். மழை வழிந்தோடச் சாய்வான கூரை, குளிரைத் தாங்கும் தடித்த சுவர், முன்புறம் அகன்ற வராந்தா, தம் தாய்நாட்டை நினைவூட்டும் சாளரங்கள் ஆகியவையே அங்குக் கிடைத்தன. தாம் வாழவும் வழிபடவும் கட்டியபோது அவர்கள் தம் மரபையும் மலையின் தட்பவெப்பத்தையும் பார்த்தனர். ஆளப்படுவோரின் முன் நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில்தான் 'சாரசனிக்' வேடம் தேவைப்பட்டது.

பம்பாயில் இந்தியருக்கான பல்கலைக்கழகத்திற்கும் கோதிக் பாணியே வழங்கப்பட்டதே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மையே. ஆனால் அம்மறுப்பு நம் கருத்தை வலுப்படுத்தவே செய்கிறது. கிரேக்கமா, கோதிக்கா, சாரசனிக்கா என்று முடிவு செய்தவர்கள் எங்கும் ஆட்சியாளர்களே. அங்குக் கற்க வந்தவர்கள் அல்லர்.

தாமே முடிவு செய்தபோது இந்தியர் என்ன செய்தனர் என்பதற்கு ஹைதராபாத் உஸ்மானியப் பல்கலைக்கழகம் ஒரு சான்று. 1918இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு நிஜாம் அரசு அதனை நிறுவியது. அதன் கலைக் கல்லூரிக் கட்டடத்தைப் பெல்ஜிய நாட்டவரான எர்னெஸ்ட் ஜாஸ்பர் வடிவமைத்தார், 1939இல் திறக்கப்பட்டது. அங்குத் தக்காணக் குடைவரைகளையும் கோயில்களையும் நினைவூட்டும் தூண்களும் இஸ்லாமிய வளைவுகளும் அருகருகே நிற்கின்றன. கலைஞர் வெளிநாட்டவரே, கலப்பும் உண்டு. ஆயினும் எதை, எதற்காகக் கலப்பது என்னும் முடிவு அந்நாட்டு அரசினுடையது. ஆகவே கலப்பு குற்றமன்று. அக்கலப்பின் உரிமையாளர் யார் என்பதே கேள்வி.

நம் கடற்கரையின் மரபு

தமிழ் முஸ்லிம்களின் சொந்தக் கட்டட மரபு எது? கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியையும், காயல்பட்டினத்தின் தொன்மையான பள்ளிவாசல்களையும் காண்பவருக்கு விடை தானே கிடைக்கும். கல் தூண்கள், அவற்றின் தலையில் மொட்டுப் போன்ற போதிகைகள், தட்டையான கூரை, தூண்களில் உயிருருவங்களை விலக்கிச் செதுக்கிய கொடியும் பூவும், முன்மண்டபம், ஹவுள் ஆகியவை அங்குள்ளன. கோயில் கட்டிய அதே சிற்பியர் மரபு, ஏகத்துவத்தின் எல்லைக்கு உட்பட்டு, பள்ளிவாசலைக் கட்டியது. குவிமாடம் இல்லாமையால் அவற்றின் இஸ்லாமியத் தன்மை ஓர் அணுவளவும் குறையவில்லை. மெஹர்தாத் ஷுகூஹி முதலிய ஆய்வாளர்கள் இவற்றை அளந்து வரைந்து உலகிற்கு அறிவித்துள்ளனர். நம்மவர் இதில் காட்டிய ஆர்வம் குறைவே.

நவாபுகளின் காலத்திலும் இதற்கொரு சான்று உண்டு. 1795இல் கருங்கல்லால் எழுந்த வாலாஜா பள்ளிவாசலின் ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் சொற்றொடரை, அப்ஜத் கணக்கில் ஹிஜ்ரி 1209 வரும்படி இயற்றியவர் மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். இலக்னோவின் ஃபிரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ நவாபின் அழைப்பில் சென்னை வந்து பாடம் நடத்தி, 1810இல் மறைந்து, அப்பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கினார். சேப்பாக்கத்தில் ஆங்கிலப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவ்வட்டாரத்தில் உயர்கல்வி இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறை 1927இல்தான் அமைந்தது. சுவரில் இஸ்லாமிய வளைவு எழுந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்ற பின்னரே அவ்வளைவின் மொழிக்கு உள்ளே துறை கிடைத்தது.

இன்றைய நமது கட்டடங்கள்

வரலாற்றை இவ்வளவு தூரம் தொடர்ந்ததன் நோக்கம் இனிக் கூறப்படுவதே. கடந்த நாற்பது ஆண்டுகளில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தின் துணையால் நம் ஊர்களில் அரபுக் கல்லூரிகளும் மதரஸாக்களும் பல எழுந்துள்ளன. இது அல்லாஹ்வின் பேரருள். ஆனால் அவற்றின் வடிவத்தைப் பாருங்கள். முகப்பில் கான்கிரீட் குவிமாடம், இருபுறமும் மினாராக்கள், பளபளக்கும் ஓடு பதித்த சுவர். உள்ளே நுழைந்தால் நடுவழியின் இருபுறமும் அறைகள். எதிரெதிர்ச் சாளரம் இல்லாத வகுப்புகள். கோடையில் தகிக்கும் மேல்தளம். முற்றம் இல்லை, மரம் இல்லை, ஆசிரியரும் மாணவரும் பாடத்திற்குப் பின் அமர்ந்து பேச ஒரு தாழ்வாரம் இல்லை. நூலகத்திற்குக் கிடைப்பது பெரும்பாலும் படிக்கட்டின் அடியில் ஒரு மூலை. குவிமாடத்திற்கு நன்கொடை கேட்டால் உடனே கிடைக்கிறது. நூலகத்திற்குக் கேட்டால் யோசிக்கின்றனர்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரிட்டிஷ் ஆளுநர் நமது மரபு இன்னதென்று வரையறுத்தார். தெருவிலிருந்து பார்க்கத் தெரியும் உருவமே இஸ்லாமியக் கட்டடம் என்னும் அந்த வரையறையை நாமே ஏற்று, நம் பிள்ளைகளின் கல்விக்கூடங்களின் மீது சூட்டி வருகிறோம். அந்நியர் கட்டிய செனட் மண்டபத்திலாவது காற்று வரும் தாழ்வாரம் இருந்தது. நாம் அதையும் விட்டுவிட்டோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மஸ்ஜிதில் கற்போருக்கென அமைந்த இடம் 'ஸுஃப்பா'. பேரீச்ச ஓலை வேய்ந்த நிழலின் கீழ் ஒரு திண்ணை, அவ்வளவே. அத்திண்ணையில் அமர்ந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகவே ஹதீஸ் கலையின் பெரும் பகுதி நமக்கு வந்து சேர்ந்தது. ரவ்ளா ஷரீஃபின் மீது முதன்முதலாகக் குவிமாடம் எழுப்பப்பட்டது ஹிஜ்ரி 678இல் (கி.பி. 1279) மம்லூக்கியச் சுல்தான் கலாவூன் காலத்தில்; அதற்குப் பச்சை வண்ணம் பூசப்பட்டது 1837இல். குவிமாடத்தின் மீது நாம் கொண்ட அன்பு இயற்கையானது. ஆயினும் அது மார்க்கத்தின் நிபந்தனையன்று. திண்ணையோ தமிழர் அனைவருக்கும் பழக்கமானது. திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி பயின்ற இந்நாட்டில், ஸுஃப்பாவின் பொருளைத் தமிழ் முஸ்லிமுக்கு விளக்க அகராதி தேவையில்லை.

ஆகவே கல்லூரி கட்ட முனையும் நிர்வாகிகளுக்குச் சில ஆலோசனைகளை முன்வைக்கலாம். முதலில் முற்றத்திற்கு இடம் ஒதுக்குங்கள். அதனைச் சுற்றி வகுப்புகளை அமையுங்கள். காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும்படி ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிர்ச் சாளரங்கள் வையுங்கள். அகன்ற தாழ்வாரமும் அதில் அமர்வதற்குத் திண்ணையும் இருக்கட்டும். ஹவுளின் அருகே ஒரு வேம்போ புங்கமோ நடுங்கள். நூலகத்தை முற்றத்தின் சிறந்த பக்கத்தில், வெளிச்சம் நிறைந்த இடத்தில் கட்டுங்கள். உங்கள் ஊரின் பழைய பள்ளிவாசலை இடிக்குமுன், அதன் தூண்களை ஒரு கட்டடக் கலைஞரைக் கொண்டு அளந்து வரைந்து வையுங்கள்; இயன்றால் இடிக்காமலே விடுங்கள். இவற்றுக்குப் பிறகும் பணம் மிஞ்சினால் குவிமாடம் எழுப்புவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

சேப்பாக்கம் வளாகம் ஒவ்வொரு முஸ்லிம் மாணவனும் ஒருமுறையேனும் நடந்து பார்க்க வேண்டிய இடம். செனட் மண்டபத்தின் அழகை அவன் மனமார இரசிக்கட்டும். அதைக் கட்டியவர் யார், எந்த நிலத்தில், யாருக்காக என்பதையும் அவனுக்கு உடன் செல்லும் ஆசிரியர் எடுத்துச் சொல்ல வேண்டும். அதன் பின் அவனைத் திருவல்லிக்கேணிப் பள்ளிவாசலுக்கும், விடுமுறையில் கீழக்கரைக்கும் காயலுக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். தன் மரபு எதுவென்று தானே கண்டறிந்த தலைமுறை, தனக்குரிய கல்விக்கூடத்தையும் தானே கட்டிக்கொள்ளும். அல்லாஹ் அதற்குத் துணைபுரிவானாக.